கொடியும் பொச்சாவாமையும்

(தசலட்சணப் பருவத்தின் முதல் நாளன்று அறக்கட்டளை மண்டபத்தில் ஆற்றிய உரை)



இன்று உத்தம க்ஷமை நாள். பொறையுடைமையை நினைந்து, ஒருவரையொருவர் பொறுத்தருள வேண்டும் நாள். இந்நாளில் தேசியக் கொடியைப் பற்றி நான் பேச எழுந்திருப்பது உங்களில் சிலர்க்கு வியப்பாக இருக்கலாம். பொறையைப் பற்றிப் பேசவே கொடியைத் துணைக்கு அழைத்திருக்கிறேன். காரணத்தைக் கூறிவிடுகிறேன்.

சில நாள்களுக்கு முன், ஆகஸ்டு 15 அன்று, இம்மண்டபத்தின் முற்றத்தில் கொடியேற்றினோம். அன்று இரண்டு பிழைகள் நேர்ந்தன. விழாவுக்காக முன்பே ஏற்றியிருந்த நம் ஐந்நிறக் கொடியை இறக்க மனமில்லாத இளைஞர்கள், அதே கம்பத்தில் அதன் கீழே மூவண்ணக் கொடியைக் கட்டிவிட்டார்கள். அது முதற்பிழை. குழந்தைகளுக்குக் கொடுத்த காகிதக் கொடிகளை மறுநாட்காலையில் மண்டபத்தின் பக்கத்துச் சாக்கடை ஓரத்தில், தின்பண்டப் பொட்டலங்களோடு சேர்த்துக் குவித்திருக்கக் கண்டேன். அது இரண்டாம் பிழை.

முதற்பிழையை நான் எடுத்துச் சொன்னபோது இளைஞர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "நல்ல மனசோடதானே செஞ்சோம் ஐயா, அதுல என்ன தப்பு?" அவர் குரலில் வருத்தம்தான் இருந்தது, துடுக்கு இல்லை. விடியற்காலை ஐந்து மணிக்கே வந்து முற்றத்தைப் பெருக்கிக் கோலமிடச் செய்து, கம்பத்துக்கு வண்ணம் பூசியவர் அவர். அவருக்கு அன்று என்னால் விடை சொல்ல இயலவில்லை. வீட்டுக்கு வந்து பல நாள் எண்ணிப் பார்த்தேன். அந்த எண்ணங்களே இன்றைய உரை. விடை கூறும் தகுதி எனக்கு உண்டா என்பதை உரையின் முடிவில் நீங்களே முடிவு செய்யலாம்.

முதலில் விதி என்ன சொல்கிறது என்பதைப் பார்ப்போம். 1947 ஜூலை 22 அன்று அரசியல் நிர்ணய சபை நம் மூவண்ணக் கொடியை ஏற்றுக்கொண்டது. மேலே காவி, நடுவே வெண்மை, கீழே பச்சை; வெண்பட்டையின் நடுவில் 24 ஆரங்கள் கொண்ட கருநீலச் சக்கரம்; நீளமும் அகலமும் மூன்றுக்கு இரண்டு என்னும் அளவு. சாரநாத்தில் அசோகர் நிறுவிய தூணின் சிங்கத் தலைப்பில் உள்ள சக்கரமே இக்கொடியின் சக்கரத்துக்கு மூலம். அதை அறத்தின் சக்கரம் என்று அச்சபையில் விளக்கியவர் டாக்டர் இராதாகிருஷ்ணன்.

இன்று நாம் பின்பற்றுவது 2002 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த இந்தியக் கொடிக் கையேடு. அதற்கு முன் பொதுமக்கள் தம் வீட்டிலும் தொழிலிடத்திலும் எல்லா நாள்களிலும் கொடியேற்ற உரிமை இருக்கவில்லை; குறித்த சில நாள்களில் மட்டுமே ஏற்றலாம். நவீன் ஜிண்டால் என்னும் தொழிலதிபர் தம் ஆலையில் நாள்தோறும் கொடியேற்ற விரும்பி வழக்காடினார். அவ்வழக்கில் 2004 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், மதிப்போடும் கண்ணியத்தோடும் தேசியக் கொடியைப் பறக்கவிடுவது குடிமகனின் அடிப்படை உரிமைகளுள் அடங்கும் என்று தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு தந்த உரிமையோடு 'மதிப்போடும் கண்ணியத்தோடும்' என்னும் கட்டுப்பாடும் பிரியாமல் இணைந்து நிற்பதை நாம் மறந்துவிடலாகாது.

கையேட்டின் விதிகள் எளியவை. காவி எப்போதும் மேலே இருக்க வேண்டும். சுவரில் செங்குத்தாகத் தொங்கவிட்டால், நிமிர்ந்து பார்ப்பவரின் இடப்பக்கத்தில் காவி அமைய வேண்டும். கிழிந்த கொடியையும் கசங்கிய கொடியையும் ஏற்றலாகாது. ஒரே கம்பத்தில் பிற கொடிகளோடு சேர்த்துப் பறக்கவிடலாகாது. அதனினும் உயரமாகப் பிற கொடி பறக்கலாகாது. கொடியின்மேல் எழுதலாகாது. தரையிலோ நீரிலோ பட விடலாகாது. அதில் எதையும் பொதியலாகாது. ஆனால் விழா நாள்களில் விரிவதற்கு முன் மலரிதழ்களை உள்ளே வைக்கலாம். ஏற்றும்போது விரைவாக ஏற்றி, இறக்கும்போது மெல்ல இறக்க வேண்டும். பழுதுபட்ட கொடியை முழுமையாக, தனியிடத்தில், எரித்தோ கண்ணியத்துக்கு ஒத்த வேறு வழியாலோ நீக்க வேண்டும். காகிதக் கொடியைக் கையில் ஏந்தி அசைக்கலாம், தரையில் வீசலாகாது.

சில விதிகள் காலத்துக்கேற்ப மாறியும் உள்ளன. கதர்த் துணியே என்றிருந்த நிலை மாறி, 2021 டிசம்பர் முதல் பாலியஸ்டர் துணியும் எந்திரத்தில் நெய்த கொடியும் ஏற்கப்பட்டன. கதிரவன் மறையும்போது கொடியை இறக்கிவிட வேண்டும் என்றிருந்த விதி 2022 ஜூலையில் தளர்ந்தது. வீடுகளில் இரவும் பகலும் கொடி பறக்கலாம் என்றாயிற்று. ஆகவே விதிகள் கல்லில் பொறித்தவை அல்ல. ஆனால் மாறிய விதிகள் எவை, மாறாதவை எவை என்று பார்த்தால் ஓர் உண்மை புலனாகும். துணியும் நேரமும் மாறின. கண்ணியம் மட்டும் மாறவில்லை.

இனி, இளைஞரின் கேள்விக்கு வருவோம். நல்லெண்ணத்தோடு செய்த பிழையைச் சட்டம் எவ்வாறு நோக்குகிறது? 1971-ஆம் ஆண்டின் தேசிய கௌரவ அவமதிப்புத் தடுப்புச் சட்டம், பொதுமக்கள் காணுமிடத்தில் கொடியை எரிப்போர், சிதைப்போர், இழிவு செய்வோர் ஆகியோருக்கு மூன்றாண்டு வரை சிறையோ, அபராதமோ, இரண்டுமோ விதிக்கிறது. ஆனால் அச்சட்டத்தின் விளக்கப் பகுதியைக் கூர்ந்து படித்தால், கொடியைத் தரையில் பட விடுவதையும், காவி கீழாகக் காட்டுவதையும் குற்றமாகச் சொல்லுமிடத்தில் 'வேண்டுமென்றே' என்னும் சொல் இருப்பதைக் காணலாம். கை தவறிக் கொடி தரையில் பட்டவரும், கட்டத் தெரியாமல் தலைகீழாகக் கட்டியவரும் அச்சட்டத்தின் முன் குற்றவாளிகள் அல்லர். ஒரே ஒரு சொல்லில் சட்டம் எத்தனை எளிய மனிதர்களைக் காத்து நிற்கிறது, பாருங்கள்!

நம் தமிழ்நாட்டிலேயே ஒரு வழக்கு நடந்தது. 2013-ஆம் ஆண்டு கோவையில் ஒரு கிறிஸ்துமஸ் விழா. 6 அடிக்கு 5 அடி அளவில் ஒரு கேக் செய்து, அதன்மேல் இந்திய வரைபடத்தை மூவண்ணத்தில் தீட்டி, நடுவில் அசோகச் சக்கரமும் வரைந்திருந்தார்கள். அதை வெட்டிப் பெருங்கூட்டத்துக்குப் பகிர்ந்தார்கள். விழாவில் மாவட்ட ஆட்சியரும் கலந்துகொண்டிருந்தார். கொடியை வெட்டியது அவமதிப்பு என்று ஒருவர் வழக்குத் தொடுத்தார். 2021 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்ற நீதியரசர் ஆனந்த் வெங்கடேஷ் அவ்வழக்கைத் தள்ளுபடி செய்தார். அங்குக் கூடியிருந்தோர் நாட்டை இழிவு செய்யக் கருதினார்களா, அல்லது பெருமிதம் கொண்டார்களா என்பதே அவர் எழுப்பிய வினா. விழா நாள்களில் நாம் வாங்கும் கொடிகள் பின்பு கழிவுக் காகிதத்தோடு கலந்துவிடுவதையும் அவர் சுட்டிக்காட்டி, அதனால் அவ்விழாவில் பங்குகொண்டோர் அனைவரும் நாட்டை அவமதித்தவர் ஆவரோ என்று கேட்டார்.

இளைஞர் இதைக் கேட்டால் மகிழ்வார். "பார்த்தீர்களா ஐயா, நீதிமன்றமே சொல்லிவிட்டது" என்பார். உண்மைதான். குற்றம் இல்லை என்று சட்டம் கூறிவிட்டது. ஆனால் குற்றம் இல்லாதவை எல்லாம் சரியானவை ஆகிவிடுமா? அண்டை வீட்டார் இறந்த துக்கத்தின்போது நம் வீட்டில் உரக்கப் பாட்டுப் போடுவது குற்றம் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. ஆயினும் நாம் போடுவதில்லை. சட்டம் நின்றுவிடும் இடத்திலிருந்துதான் பண்பாடு தொடங்குகிறது.

கொடியின் விதிகளுக்குப் பின்னால் மனிதர்கள் நிற்கிறார்கள். 1932 ஜனவரி 10 அன்று திருப்பூர் வீதியில் தடியடிபட்டு வீழ்ந்த குமரன் தம் கையில் இருந்த கொடியை விடவில்லை. மறுநாள் உயிர் நீத்தார். அன்று அவர் ஏந்தியது இன்றைய சக்கரக் கொடிக்கு முந்திய வடிவம். கையேடு எழுதப்படுவதற்கு எழுபது ஆண்டு முன்பே, கொடி தரையில் படலாகாது என்னும் விதியை ஒருவர் தம் குருதியால் எழுதிவிட்டார். 'கொடி காத்த குமரன்' என்று நாம் சொல்லும்போது அவ்விதியைத்தான் சொல்கிறோம்.

இன்னொரு பக்கமும் உண்டு. கர்நாடகத்தின் ஹூப்பள்ளியை அடுத்த பெங்கேரியில், கதர்ச் சங்கத்தின் பணிக்கூடத்தில், தர நிர்ணய அளவுகளின்படி தேசியக் கொடி தைக்கிறார்கள். அங்குப் பணிபுரிவோரில் மிகப் பலர் பெண்கள். நூலின் எண்ணிக்கை, சாயத்தின் நிறம், பட்டைகளின் அகலம், சக்கரத்தின் அச்சு இருபுறமும் ஒன்றோடொன்று பொருந்துதல் என ஒவ்வொன்றையும் சரிபார்க்கிறார்கள். அளவில் பிழைபட்டால் கொடி கழிக்கப்படுகிறது. கண்ணுக்கு எளிதில் தெரியாத ஒரு நூலுக்காக அத்தாய்மார்கள் அத்தனை கவனம் செலுத்துகிறார்கள். அந்தக் கொடி நம் கைக்கு வந்தபின், எது மேல், எது கீழ் என்று பார்க்க நமக்கு நேரமில்லை என்றால், அது அவர்கள் உழைப்புக்கு நாம் செய்யும் மரியாதை ஆகுமா?

எனவே, பிழை நல்லெண்ணத்தால் நேர்ந்தது என்பதும் உண்மை. அது பொருட்படுத்தத் தக்கது என்பதும் உண்மை. இவ்விரண்டையும் இணைக்கும் சொல் ஒன்று வேண்டும். தமிழாசிரியனுக்குச் சொற்கள்தாமே துணை? தேடினேன். திருக்குறளில் கிடைத்தது. ஐம்பத்து நான்காம் அதிகாரம், பொச்சாவாமை.

பொச்சாப்பு என்றால் மறதி. ஆனால் வெறும் மறதி அன்று. வீட்டுச் சாவியை எங்கே வைத்தோம் என்று முதுமையில் தேடுகிறோமே, அது பொச்சாப்பு ஆகாது. களிப்பு மிகுந்து, அக்களிப்பில் செய்ய வேண்டியதன்மேல் கவனம் நழுவுவதே பொச்சாப்பு. அவ்வதிகாரத்தின் முதற் குறளிலேயே வள்ளுவர், அளவிறந்த சினத்தையும் களிப்பால் வரும் மறதியையும் தராசில் வைத்து, மறதியே கூடுதல் தீமை என்று தீர்ப்புக் கூறுகிறார். மாணவனாகப் படித்த காலத்தில் இது எனக்கு மிகைக்கூற்றாகத் தோன்றியது. சினத்தினும் மறதி தீதாவது எங்ஙனம் என்று ஐயுற்றேன். சினம் வந்தால் நமக்கே தெரிகிறது, முகம் சிவக்கிறது, பின்பு வருந்துகிறோம். களிப்பில் வரும் மறதியோ தெரிவதே இல்லை. நல்லது செய்கிறோம் என்ற நிறைவோடு பிழை செய்கிறோம். ஆகவே திருந்தும் வாய்ப்பும் குறைகிறது. விழா நாள்களில் கொடிக்கு நேரும் பிழைகள் பெரும்பாலும் இவ்வகையினவே.

நம் சமயமும் இதையே வேறு சொல்லால் கூறுகிறது. தத்துவார்த்த சூத்திரம் இம்சைக்கு இலக்கணம் வகுக்குமிடத்தில், உயிர்க்கு ஊறு நேர்வதை மட்டும் சொல்லாமல், அது 'பிரமாதத்தால்' நேர்வதைச் சேர்த்தே சொல்கிறது. பிரமாதம் என்பது கவனமின்மை. இன்றைய பேச்சுத் தமிழில் சொல்லின் பொருள் தலைகீழாகிவிட்டது! விருந்து நன்றாக இருந்தால் 'பிரமாதம்' என்கிறோம். நம் விழாக்கள் எல்லாம் 'பிரமாதமாக' நடக்கின்றன என்று பாராட்டிக்கொள்கிறோம். பழைய பொருளிலும் சில வேளை பிரமாதமாகத்தான் நடந்துவிடுகின்றன.

முனிவர்களுக்கு உரிய ஐந்து சமிதிகளுள் இரண்டை இங்கு நினைவூட்ட விரும்புகிறேன். ஒரு பொருளை எடுப்பதிலும் வைப்பதிலும் விழிப்பாக இருப்பது ஆதான நிக்ஷேபண சமிதி. கழிப்பனவற்றை இடமறிந்து கழிப்பது உத்சர்க்க சமிதி. மயிற்பீலியால் தரையைத் தடவிய பின்னரே கமண்டலத்தைக் கீழே வைக்கும் முனிவர்களை நாம் கண்டிருக்கிறோம். உயிர்களைக் காக்கும் நோன்பு அது; கொடிக்காக வகுத்தது அன்று. ஆயினும் எடுப்பது, வைப்பது, கழிப்பது என்னும் மூன்று செயல்களிலும் மனம் உடனிருக்க வேண்டும் என்னும் பயிற்சி நம் மரபில் ஊறியது. கொடிக் கையேடும் அம்மூன்றைத்தானே கேட்கிறது? ஏற்றுவதில் கவனம், இறக்கி மடிப்பதில் கவனம், பழுதானபின் நீக்குவதில் கவனம். நமக்கு இது புதுப்பாடம் அன்று.

இதுவரை நான் சொன்னவற்றைக் கேட்டு, விதிகளை நன்கறிந்த ஒருவர் உங்கள்முன் நிற்கிறார் என்று நினைத்துவிடாதீர்கள். இனி என் கதையைச் சொல்கிறேன்.

1996 ஜனவரி 26. நான் அப்போது ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியன். குடியரசு நாள் விழாவின் பொறுப்பாசிரியனும் நானே. ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் கொடி கட்டும் பணியைத் தானே கேட்டுப் பெற்றான். முதல் நாளே கொடியை வாங்கிச் சென்று, துவைத்து, நிழலில் உலர்த்தி, அண்டை வீட்டில் இஸ்திரிப் பெட்டி இரவல் வாங்கித் தேய்த்துக் கொண்டுவந்தான். தன் தாய் பறித்துக் கொடுத்த சாமந்திப் பூவின் இதழ்களை உதிர்த்து உள்ளே வைத்து, அழகாக முடிந்து கட்டினான். கொடியின் ஓரக் கயிற்றில் ஒரு முனை காவிப் பக்கம். மறுமுனை பச்சைப் பக்கம். சுருட்டி முடிந்தபின் எது எந்தப் பக்கம் என்று வெளியே தெரியாது. கம்பத்துக் கயிற்றில் பிணைப்பதற்கு முன் பொறுப்பாசிரியர் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். நானோ சிறப்பு விருந்தினரின் வண்டி வந்துவிட்டது என்று கேட்டு, பூச்செண்டோடு வாயிலுக்கு ஓடிவிட்டேன்.

விருந்தினர் கயிற்றை இழுத்தார். சாமந்தி இதழ்கள் சொரிந்தன. கைத்தட்டல் எழுந்தது, எழுந்த வேகத்தில் அடங்கியது. பச்சை மேலே, காவி கீழே.

எனக்குக் கண் இருண்டது. விருந்தினர் முன்னிலையில், ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில், ஐந்நூறு பிள்ளைகள் பார்த்திருக்க, அம்மாணவனைப் பெயர் சொல்லி அழைத்துக் கன்னத்தில் அறைந்தேன். "நாட்டையே அவமானப்படுத்திவிட்டாயே" என்று கத்தினேன். கொடியை இறக்கி, திருப்பிக் கட்டி, மீண்டும் ஏற்ற மூன்று நிமிடம்தான் ஆனது. அம்மூன்று நிமிடமும் அவன் கம்பத்தின் அடியில் தலைகுனிந்து நின்றான்.

எனக்கு அன்று எந்தக் குற்றவுணர்வும் தோன்றவில்லை என்பதை வெட்கத்தோடு சொல்கிறேன். கொடியின் மானத்தைக் காத்துவிட்டதாகவே எண்ணினேன். தலைமையாசிரியரும் என்னைப் பாராட்டினார்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் நகரப் பேருந்தில் ஏறினேன். நடத்துநர் என்னை உற்றுப் பார்த்தார். தம் பையிலிருந்து காசு போட்டு எனக்குச் சீட்டுக் கிழித்துத் தந்தார். "ஐயா, என்னைத் தெரியுதுங்களா? கொடியைத் தலைகீழாக் கட்டினவன்" என்றார்.

அவர் தம் பெயரைச் சொல்லவில்லை. படித்த ஆண்டைச் சொல்லவில்லை. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குப் பின்பும், தம் ஆசிரியரிடம் தம்மை அறிமுகம் செய்துகொள்ள அவருக்குத் தோன்றிய அடையாளம் அதுதான்.

வண்டியில் கூட்டம் குறைந்தபின் அருகில் வந்து நின்றார். "எங்க டெப்போவுல வருசா வருசம் கொடி ஏத்துவாங்க ஐயா. நான் பின்னாடி ஓரமா நின்னுக்குவேன். கயித்துப் பக்கம் போனதே இல்லீங்க" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். கோபம் இருந்திருந்தால்கூட என்னால் தாங்கியிருக்க முடியும்.

"பிழை உன்னுடையது இல்லையப்பா. முடிச்சைச் சரிபார்க்க வேண்டியவன் நான். என் பிழைக்கு உன்னை அடித்துவிட்டேன். என்னைப் பொறுத்துக்கொள்" என்றேன். அவர் பதறிப்போய், "ஐயோ, நீங்க போய் அப்படிச் சொல்லலாங்களா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். என் நிறுத்தம் வந்தது. இறங்கிவிட்டேன்.

அன்றிரவு வள்ளுவரின் அக்குறளை மீண்டும் எடுத்துப் பார்த்தேன். சினம் ஒரு தட்டில், களிப்பால் வந்த மறதி மறுதட்டில். இரண்டும் என்னிடமே இருந்திருக்கின்றன! விருந்தினர் வந்த மகிழ்ச்சியில் நான் மறந்தேன். அம்மறதியை மறைக்கச் சினந்தேன். அவன் பக்கம் இருந்தது அறியாமை மட்டுமே. கொடி மூன்று நிமிடத்தில் நிமிர்ந்துவிட்டது. அம்மாணவன் இன்றுவரை கம்பத்தின் அருகே நிமிர்ந்து நிற்கவில்லை. எது பெரிய அவமதிப்பு?

அன்பர்களே, இளைஞரின் கேள்விக்கு இப்போது என் விடையைச் சொல்கிறேன். நல்லெண்ணத்தால் நேர்ந்த பிழையும் பொருட்படுத்தத் தக்கதே. அன்பு இருக்குமிடத்தில் கவனமும் இருக்க வேண்டும். குழந்தையின்மேல் உயிரையே வைத்திருக்கும் தாய் மருந்தின் அளவைப் பாராமல் கொடுத்துவிடுவதில்லை. ஆனால் பிழையைப் பொருட்படுத்துவது வேறு. பிழை செய்தவரைத் தண்டிப்பது வேறு. முன்னதற்கு வேண்டியது திருத்தம், பின்னதற்கு வேண்டியது தீய நோக்கம். தீய நோக்கம் இல்லாதவிடத்துத் தண்டனைக்கு இடமில்லை. அறியாமல் செய்தது பிழை. பிறர் எடுத்துச் சொன்ன பின்னும் திருத்திக்கொள்ளாமல் விடுவது அலட்சியம். 'நல்லெண்ணம்' என்னும் குடை பிழையின்மேல் ஒருமுறைதான் நிழல் தரும். அடுத்த ஆண்டும் அதையே விரித்துக்கொண்டு நிற்க முடியாது.

எவ்வாறு திருத்துவது? அதற்கும் ஒரு நிகழ்ச்சி சொல்கிறேன். 2022 ஆகஸ்டில் வீடுதோறும் கொடி ஏற்றுமாறு அரசு வேண்டியபோது, எங்கள் தெருக்கோடியில் தனியே வாழும் ஒரு மூதாட்டி அஞ்சலகத்தில் 25 ரூபாய் கொடுத்து ஒரு கொடி வாங்கிச் சன்னல் கம்பியில் கட்டினார். தீபாவளி வந்தது, கார்த்திகையும் வந்தது. மழையிலும் வெயிலிலும் காவி வெளுத்து, ஓரம் நார் நாராகக் கிழிந்துவிட்டது. ஒருநாள் இளைஞன் ஒருவன் அதைக் கைப்பேசியில் படமெடுத்து, "கொடியை இப்படி வச்சிருக்கியே, வாட்ஸ்அப்பில் போடுறேன் பார்" என்று அம்மூதாட்டியை மிரட்டிக்கொண்டிருந்தான். நான் அருகில் சென்றேன். அந்த அம்மாள் நடுங்கிக்கொண்டே, "அவுக்க மனசு வரல வாத்தியாரய்யா. ஊர்ல எல்லாரும் அவுத்துட்டாங்க. நான் ஒருத்தியாவது வச்சிருக்கலாமேன்னு..." என்றார்.

அத்தெருவில் அக்கொடியை மிகுதியாக நேசித்தவர் அவர்தாம். விதியை மீறியவரும் அவர்தாம். இரண்டும் ஒருவரே.

இளைஞனைக் கடிந்துகொள்ளவும் எனக்கு வாய் வரவில்லை. அவனிடத்தில் 1996-இன் நானே நின்றுகொண்டிருந்தேன். அவனையே ஏணி எடுத்து வரச் செய்தேன். இருவரும் சேர்ந்து கொடியை அவிழ்த்தோம். தரையில் படாமல் விரித்துப் பிடித்து, காவியையும் பச்சையையும் வெண்பட்டையின் அடியில் மடித்து, பின் இருபுறமிருந்தும் மடித்து, சக்கரம் மேலே தெரிய உள்ளங்கைகளில் ஏந்திக் கொண்டுவந்தோம். என் வீட்டில் இருந்த புதுக்கொடியை அம்மாளிடம் கொடுத்து, அடுத்த விழாநாள் வரை பெட்டியில் வைத்திருக்கச் சொன்னேன். அப்படி மடிப்பது எப்படி என்று அவ்விளைஞன் என்னிடம் இரண்டு முறை கேட்டுக் கற்றுக்கொண்டான். எடுத்த படத்தை அவனே அழித்துவிட்டான்.

இதிலிருந்து நான் கற்றவை மூன்று. பிழையைக் கண்டால் முதலில் கொடியைச் சரிசெய்வோம்; ஆளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். சொல்ல வேண்டியதைத் தனியே, தாழ்ந்த குரலில் சொல்வோம். பலர் முன்னிலையில் சொல்லும் அறிவுரை அறைக்கு ஒப்பானது. மேலும், திருத்துமுன் அப்பிழையில் நம் பங்கு என்ன என்று எண்ணிப் பார்ப்போம். பெரியவர்கள் கற்பிக்காததற்குச் சிறியவர்களைப் பொறுப்பாக்கலாகாது.

இம்மண்டபத்தில் நேர்ந்த இரு பிழைகளிலும் நம் பங்கு உண்டு. ஐந்நிறக் கொடியை அருகில் மற்றொரு கம்பத்தில், மூவண்ணக் கொடியினும் சற்றுத் தாழ்வாக ஏற்றியிருக்கலாம் என்று அவ்விளைஞர்களுக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. 1974-75 ஆண்டில் பகவான் மகாவீரர் நிர்வாணத்தின் 2500-ஆம் ஆண்டை ஒட்டி நம் பிரிவினர் அனைவரும் ஏற்றுக்கொண்ட கொடி அது. பஞ்ச பரமேட்டிகளைக் குறிக்கும் அதன் நிறங்கள் ஓரடி தாழ்ந்து பறப்பதால் ஒளி குன்றிவிடா. பணிவைப் போற்றும் உத்தம மார்தவம் நாளை நாம் கொண்டாடவிருக்கும் அறந்தானே?

காகிதக் கொடிகளைப் பொறுத்தவரை, குழந்தைகளுக்குக் கொடுக்கத் தெரிந்த நமக்குத் திரும்ப வாங்கத் தெரியவில்லை. அறக்கட்டளையாருக்கு ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். அடுத்த விழா முதல் வாயிலில் மூடியுள்ள பெட்டி ஒன்றை வையுங்கள். விழா முடிந்து செல்லும் குழந்தைகள் கொடியைக் கசக்காமல் அதில் இட்டுச் செல்லட்டும். நல்ல நிலையில் உள்ளவற்றை அடுத்த ஆண்டுக்கு வைப்போம்; கிழிந்தவற்றைத் தனியிடத்தில், சிற்றுயிர் இல்லாத இடம் பார்த்து, முறையாக நீக்குவோம். பெட்டியின் பொறுப்பை, என்னிடம் கேள்வி கேட்ட அவ்விளைஞர் ஏற்பதாக இன்று காலை கூறியிருக்கிறார். அவருக்கு என் வாழ்த்து.

இறுதியாக ஒன்று. இவ்வாண்டு ஆகஸ்டு 15 அன்று இங்கு வந்து கொடி கட்டித் தருமாறு அந்நடத்துநரை அழைத்திருந்தேன். அன்று தமக்குப் பணி இருப்பதாகச் சொன்னார். இருந்திருக்கலாம். "அடுத்த வருசம் பார்க்கலாங்க ஐயா" என்றார். அடுத்த ஆண்டும் அழைப்பேன். அவர் வந்தால், அவர் முடிவதற்குமுன் நான் அருகில் நின்று, காவிப் பக்கத்து முனை எது என்று அவரோடு சேர்ந்து பார்ப்பேன். நான் 1996-இல் செய்திருக்க வேண்டிய பணி அது.

அவர் இங்கு இல்லை. ஆயினும் உத்தம க்ஷமையாகிய இந்நாளில், உங்கள் அனைவர் முன்னிலையிலும் அவரிடம் பொறுத்தருள வேண்டிக்கொள்கிறேன். ஐந்நூறு பேர் முன்னிலையில் அறைந்தவன், பேருந்தில் தனியே வேண்டிக்கொண்டது போதாது என்று தோன்றியது. உங்களுள் யாரையேனும் என் சொல்லாலோ செயலாலோ கவனமின்றி நான் நோகச் செய்திருந்தால், நீங்களும் பொறுத்தருள்க.